கல்லூரி நீச்சல் பயிற்சியாளர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். பல்கலைக்கழக அணிக்காக நீந்தியிருக்கிறேன். உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். முடித்து, ஆறு வார என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். நான்கு வருடமாகச் சென்னையில் இரண்டு அபார்ட்மென்ட் குளங்களில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கோடையில் மாதம் 45,000 வரை வரும். நவம்பர், டிசம்பர் மழையில் 12,000கூடத் தேறாது. இப்போது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 'ஸ்விம்மிங் கோச் கம் பிசிக்கல் எஜுகேஷன் அசிஸ்டென்ட்' வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மாதம் 24,000, ஹாஸ்டலில் அறை, சாப்பாடு. அமெரிக்கக் கல்லூரி கோச்சுகளின் வீடியோக்களைப் பார்த்து ஏங்குபவள் நான். நேஷனல் மெடல் அடிக்கும் ஒரு பிள்ளையையாவது உருவாக்கிவிட வேண்டும் என்று ஆசை. அம்மாவோ, "தண்ணியில நிக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா? நாப்பது வயசுல என்ன பண்ணுவே?" என்கிறார். போகலாமா?
— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்த ஆர்டரில் உள்ள 'கம்' ('கூடவே இதுவும்' என்று பொருள்) என்ற இரண்டெழுத்தை உற்றுப் பாருங்கள். உங்கள் அடுத்த பத்து வருடம் அதற்குள்தான் இருக்கிறது.

நான் 1996இல் ஒரு தனியார் கல்லூரியில் இதேபோன்ற வேலையில் சேர்ந்தேன். என் ஆர்டரிலும் ஒரு 'கம்' இருந்தது. காலை ஐந்தரைக்குக் குளம். ஒன்பது மணிக்கு ஆபீஸில் போட்டிக்குப் போகும் மாணவர்களுக்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் தட்டச்சு. விளையாட்டு விழா வந்தால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது நான். பட்டமளிப்பு விழா என்றால் ஊர்வலத்தை ஒழுங்குபடுத்துவதும் நான். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் மூன்று மாதம் கோப்பு, கோப்பு, கோப்பு. குளத்துக்கு மாலை ஆறரைக்குத்தான் திரும்ப முடியும். பதினோரு வருடம் என் பெயருக்குப் பின்னால் 'தற்காலிகம்' என்றே இருந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கல்லூரி நீச்சல் கோச்சின் நாள் இப்படித்தான் இருக்கும், குளம் அதில் பாதிகூட இருக்காது என்று நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கல்லூரிகளில் 'நீச்சல் கோச்' என்ற பதவிக்கு மேலே படி கிடையாது. கோச்சாகச் சேர்ந்தால் கோச்சாகவே ஓய்வு பெறலாம், அதுவும் நிர்வாகம் விரும்பினால். படி இருப்பது பிசிக்கல் டைரக்டர் (உடற்கல்வி இயக்குநர்) வரிசையில். அதற்கு யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள் கேட்பது நான்கு: உடற்கல்வியில் 55 சதவீதத்துடன் முதுகலை, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் (அல்லது பிஎச்.டி.), கல்லூரி அளவிலோ அதற்கு மேலோ விளையாடிய சான்று, உடல்தகுதித் தேர்வு. முதலாவதும் மூன்றாவதும் உங்களிடம் இருக்கின்றன. உடல்தகுதிக்குப் பெண்கள் 30 வயது வரை எட்டு நிமிடத்தில் 1,000 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். அதை நீங்கள் தூக்கத்திலேயே கடந்துவிடுவீர்கள். மீதி இருப்பது நெட். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. நீச்சல்காரர்களுக்குப் புத்தகத்தைப் பார்த்தால் கொட்டாவி வரும், எனக்கும் வந்தது. நான் நான்காவது முறையில்தான் தேறினேன், அதுவும் 38 வயதில், கையில் குழந்தையுடன். நீங்கள் அத்தனை தாமதிக்க வேண்டாம். ஹாஸ்டல் அறையும் மெஸ் சாப்பாடும் கிடைக்கிறது என்கிறீர்கள். முதல் இரண்டு வருடத்தில் அந்த அறையில் நடக்க வேண்டிய வேலை இது ஒன்றுதான். அந்தப் படிப்புக்கு நேரம் தருமா தராதா என்பதை வைத்தே இந்த வேலையின் மதிப்பை எடைபோடுங்கள், 24,000ஐ வைத்து அல்ல.

ஓராண்டு என்.ஐ.எஸ். டிப்ளமோவைப் பற்றியும் யோசித்திருப்பீர்கள். சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்), எஸ்.டி.ஏ.டி. (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) போன்ற இடங்களில் முழுநேரக் கோச்சாக நிற்க வேண்டும் என்றால் அது அவசியம். ஆறு வாரச் சான்றிதழ் அங்கே பெரிதாக எடுபடாது. ஆனால் ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டும். நெட்டை முதலில் முடியுங்கள்.

அப்புறம், குளத்தைப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். இன்டர்வியூவில் கரஸ்பாண்டன்ட் ஏசி அறையில் உட்காரவைத்து, 'ஒலிம்பிக் ஸ்டாண்டர்ட் பூல்' என்பார். நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். கட்டிடக்காரர் இருந்த இடத்துக்குத் தகுந்தபடி 23 மீட்டரில் கட்டிவிட்ட குளத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் எடுக்கும் நேரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. சரியாக 25 மீட்டர் என்றாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். நூறு மீட்டருக்கு அதில் மூன்று டர்ன் (சுவரில் திரும்புவது). 50 மீட்டர் குளத்தில் ஒரே டர்ன். ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகத்தில்தான் நம் பிள்ளைகள் நன்றாக நீந்துவதுபோலத் தெரியும். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரி குளம் போன்ற ஒன்றில் போய் இறங்கியதும், பாதி தூரத்தில் சுவரைத் தேடுவார்கள். போட்டிக்கு முன் பத்து நாளாவது 50 மீட்டர் குளத்துக்கு அழைத்துப்போக பஸ் தருவீர்களா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்படியே பம்ப் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கல்லூரி தன் குளத்தை எப்படி நினைக்கிறது என்பதற்குப் பம்ப் ரூமைவிட நல்ல சாட்சி இல்லை. ஃபில்டர் எத்தனை நாளுக்கொருமுறை பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) ஆகிறது, குளோரினும் பிஹெச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) எழுதிவைக்கும் நோட்டு இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பாருங்கள். பிஹெச் 7.2க்கும் 7.8க்கும் இடையில், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று நோட்டில் இருந்தால் அங்கே ஒரு பொறுப்பான ஆள் இருக்கிறார் என்று பொருள். உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால், 'குளோரின் நிறையப் போட்டிருக்கிறோம் மேடம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நெடி அது. கண் சிவப்பதும் அதனால்தான். குளோரின் பொடியும் ஆசிட் கேனும் ஒரே மூலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சேரும் முதல் நாளே அவற்றைப் பிரித்து வையுங்கள். இரண்டும் கலந்தால் விஷ வாயு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு கேள்வி. 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 4,70,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் முப்பத்தொன்பது நடை. ஏப்ரலில் போர்வெல் வற்றினால் முதலில் மூடப்படுவது குளம்தான். அப்போது கோச்சுக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் பத்து மாதச் சம்பளம்தான் தருகிறார்கள். உங்களுக்குச் சொன்ன 24,000 பன்னிரண்டு மாதத்துக்கா?

இனி நீங்கள் ஆசைப்படும் மெடல் விஷயம். உங்கள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைக்கக் கூடாது. நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை ஒரு நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு நொடி வித்தியாசம்! அந்தப் பத்தில் ஒரு நொடியின் வேர் சிறுவயதில் நெய்வேலிக் குளத்தில் இருக்கிறது. நீச்சலில் தண்ணீரைப் பிடிக்கும் அந்த உணர்வு எட்டு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில் ஊறுவது. நீங்கள் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களிலும் கதை இதுதான். கோச் பாப் பௌமன், பின்னால் ஒலிம்பிக் நட்சத்திரமான மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பதினோரு வயதுப் பையனாகப் பால்டிமோர் கிளப்பில் எடுத்தார். ஃபெல்ப்ஸ் 15 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தியபோது கல்லூரி வாசலை மிதித்திருக்கவில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் 2024 வரை பயிற்றுவித்து 15 தேசியப் பட்டங்கள் வாங்கிய எடி ரீஸின் வேலையில் பெரும் பங்கு, ஏற்கெனவே தேறிய பிள்ளைகளைத் தேடிப்பிடித்துத் தன் கல்லூரிக்குக் கொண்டுவருவது. அங்கே கல்லூரி உதவித்தொகை தருகிறது, கோச் வீடு வீடாகப் போய் அழைக்கிறார். உங்களுக்குக் கிடைக்கப்போகும் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வருகிறவர்களில் பெரும்பாலோர் கபடி, வாலிபால் ஆட்களாகத்தான் இருப்பார்கள். நீச்சல்காரி ஒருத்தி வந்தால் அதிர்ஷ்டம். வந்தாலும் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் ஆனதும் அப்பா, 'நீச்சல் போதும்' என்று சொல்லிவிடுவார். பல்கலைக்கழகப் போட்டிகளும் செமஸ்டர் தேர்வும் அடுத்தடுத்து வருவதை என் இருபத்தெட்டு வருடத்திலும் பார்த்துவிட்டேன்.

ஆகவே அந்த மெடல் ஆசையைக் கல்லூரியில் தேடாதீர்கள். வார இறுதியில் பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்கு அதே குளத்தில் ஒரு பேட்ச் நடத்த நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். உங்கள் மெடல் அங்கே, கிக் போர்டைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் கல்லூரியில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? முதல் வகை, தண்ணீரைக் கண்டாலே நடுங்குபவர்கள். நீங்கள் நான்கு வருடமாகக் குழந்தைகளோடு இருப்பதால் முதலில் தடுமாறுவீர்கள். ஆறு வயதுக் குழந்தை பயந்தால் அழும், தூக்கி அணைத்தால் சரியாகிவிடும். பதினெட்டு வயதுப் பையன் பயத்தைச் சிரிப்பாக மாற்றிக் காட்டுவான், பக்கத்தில் இருப்பவனைக் கிண்டல் செய்வான், 'மேடம், வயிறு வலிக்குது' என்பான். ஊர்க் குளத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி என்னிடம் வந்தாள். மூன்று வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது வாரம் அவளாகவே இறங்கினாள். குழந்தைகளிடம் செய்வதுபோல இவர்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஏன் மிதக்கிறோம், நுரையீரலில் காற்று இருந்தால் நெஞ்சு ஏன் எழும்புகிறது, ஒல்லிப் பையன்களுக்குக் கால் ஏன் கீழே போகிறது என்று விளக்குங்கள். பொறியியல் படிப்பவர்கள், காரணம் புரிந்தால் உடம்பு தளரும்.

இரண்டாவது வகை எனக்கு மிகவும் பிடித்தவர்கள்: கிணற்று நீச்சல்காரர்கள். முதுகில் சுரைக்குடுவையோ பழைய டின்னோ கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டுக் கற்றுக்கொண்டவர்கள். நீங்களே ஆற்றுக்காரி, உங்களுக்குத் தெரியும். பயமே கிடையாது. ஆனால் தலை நீருக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கும், கால் பின்னால் தொங்கும், இருபத்தைந்து மீட்டரில் மூச்சு முட்டும். அந்தத் தலையைத் தாழ்த்தவைக்க ஒரு மாதம் ஆகும். தாழ்த்திவிட்டால் அப்புறம் பாருங்கள். தர்மபுரிப் பக்கமிருந்து வந்த ஒருவன் முதல் வருடம் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 36 நொடியில் நீந்தினான். கடைசி வருடம் 29. மண்டலப் போட்டியில் மூன்றாவது இடம். தேசிய அளவில் அது ஒன்றுமே இல்லை. அன்று இரவு அவன் ஹாஸ்டல் மொத்தத்துக்கும் பரோட்டா வாங்கிக்கொடுத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. கல்லூரிக் குளத்தில் ஆபத்து, நீந்தத் தெரியாதவர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. நன்றாகத் தெரிந்தவர்களிடமிருந்தும் வரும். நான் சேர்ந்த மூன்றாம் வருடம் இரண்டு பையன்கள் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பந்தயம் கட்டி, உள்நீச்சலில் யார் இரண்டு லேப் போவது என்று இறங்கினார்கள். இறங்குமுன் வேகவேகமாக இருபது முறை மூச்சு இழுத்துவிட்டார்கள். ஒருவன் பாதியில் எழுந்துவிட்டான். மற்றவன் அடித்தரையை ஒட்டிப் போய்க்கொண்டே இருந்தான். அவன் நீந்துகிறான் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவில்லை என்று உறைப்பதற்குச் சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிகள் இன்றும் என் கனவில் வருகின்றன.

காரணம் எளிது. நமக்கு மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமில வாயு ஏறுவதால். வேகமாக மூச்சை இழுத்துவிட்டால் கரியமில வாயு மிகவும் இறங்கிவிடும். அப்புறம் உள்ளே போனால் முட்டல் தெரியாமலே ஆக்சிஜன் தீர்ந்து மயங்கிவிடுவார்கள். திணறல், சத்தம், கையசைப்பு எதுவும் இருக்காது. உள்நீச்சல் பந்தயம் என் குளத்தில் அன்றோடு நின்றது. உங்கள் குளத்தில் முதல் நாளே நிற்கட்டும். அவன் பிழைத்தான். நாங்கள் தூக்கிக் கரையில் போட்டதும் காவலாளி ஓடிவந்து வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்த்தார். ஊரில் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றவும் செய்வார்கள். இரண்டும் தவறு. முங்கியவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, நாடி இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது இதைப் பொம்மையில் செய்து பழகுங்கள். காவலாளிக்கும் வார்டனுக்கும் சேர்த்துப் பழக்குங்கள்.

இதனால்தான் சொல்கிறேன்: ஆர்டரில் தனியாக ஒரு லைஃப்கார்ட் உண்டா என்று கேளுங்கள். முப்பது பேருக்குக் கை வீச்சுச் சொல்லிக்கொடுக்கும் கோச்சால் முப்பது பேரையும் கவனிக்க முடியாது. லைஃப்கார்ட் இல்லாத நாளில் வகுப்பு இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் ஆயிரம், இரண்டாயிரம் விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள். ஏதாவது நடந்தால் கேள்வி நிர்வாகத்தை நோக்கிப் போவதற்கு முன் உங்களிடம்தான் வரும்.

பேரம் பேசத் தயங்காதீர்கள். அந்தக் கல்லூரி ஏன் உங்களைத் தேடி வந்தது என்று யோசித்தீர்களா? பெண்கள் ஹாஸ்டல் இருக்கும். ஆண் கோச் என்றால் பெற்றோர் பெண்களை இறக்கமாட்டார்கள். நீச்சல் தெரிந்த, எம்.பி.எட். முடித்த பெண் கிடைப்பது அவர்களுக்கு எளிதல்ல. எனவே பெண்களுக்குத் தனி நேரம், அந்த நேரத்தில் குளத்தைச் சுற்றி ஆண் பணியாளர்கள் இல்லாமை, உடைமாற்றும் அறையின் பக்கம் கேமரா இல்லாமை, செல்போன் வாசலிலேயே வைக்கும் ஏற்பாடு, பி.எஃப். இவை எல்லாவற்றையும் கேட்கலாம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போடுகிற பெண்களைத் தடுக்காதீர்கள். பருத்திச் சுடிதாரோடு இறங்க மட்டும் விடாதீர்கள். நனைந்தால் அது பாரம்.

உங்கள் அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாற்பதில் தோள்பட்டை வலிக்கும். வெயிலில் முகம் கறுத்து, குளோரினில் முடி செம்பட்டையாகும். எனக்கு ஆனது. ஆனால் நாற்பதுக்கு மேல் கோச்சின் வேலை பெரும்பாலும் கரையில்தான். கண்ணும் குரலும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். ஒலிம்பிக் சாம்பியன் மார்க் ஸ்பிட்ஸுக்கு இந்தியானா கல்லூரியில் கோச்சாக இருந்த கவுன்சில்மேன், 1979இல் தம் 58வது வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று அம்மாவிடம் சொல்லிப்பாருங்கள். 'அவன் வெள்ளைக்காரன்' என்பார். என் அம்மா அப்படித்தான் சொன்னார். நெட் தேர்ச்சிக் கடிதம் வந்த அன்று அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

கடைசியாக, சேரும் தேதி. உடனே வாருங்கள் என்று கேட்டிருப்பார்கள். ஜூன் என்று சொல்லுங்கள். ஏப்ரல், மே கோடை வகுப்புதான் உங்கள் வருட வருமானத்தில் பெரிய பங்கு. கல்லூரிக்கோ அப்போது தேர்வும் விடுமுறையும், குளத்தில் ஆளே இருக்காது. அந்த இரண்டு மாதத்தைச் சென்னையில் முடித்துவிட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடும் நெட் புத்தகங்களோடும் கோவைக்கு பஸ் ஏறுங்கள்.